பேச ஒரு ஆள்

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீசுக்கு எந்தக் குறையைக் கொண்டு போனாலும், நாற்பது பேர் திரண்டு போனாலும், பேசுகிற வாய் ஒன்றுதான். தொழிற்சங்கத் தலைவர் பேசுவார், நாங்கள் பின்னால் நிற்போம். ஒழுகுவது நான் குடியிருக்கிற காம்பராவின் கூரையாகவே இருக்கட்டும். "எந்தப் பக்கம் ஒழுகுது?" என்று மேனேஜர் துரை கேட்டால், நான் தலைவரின் காதோரம் "அடுப்புப் பக்கங்க" என்பேன், தலைவர் அதைத் துரையிடம் சொல்வார். துரைக்குத் தமிழ் தெரியும். எனக்கும் வாய் இருக்கிறது. இருந்தாலும் அந்த இரண்டு சொல்லும் அப்படிச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நடுவில் ஒருத்தி நேராகப் பேசிவிட்டால் கோபித்துக்கொள்வது துரை இல்லை, நம் ஆட்கள்தான். "ஒரு தலையில ரெண்டு கூடையா மாட்டுவாங்க?" என்று எங்கள் மலையில் ஒரு பேச்சு இருக்கிறது.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் காலி நகரத்துக்குப் போய்விட்டு வந்த கதையைக் கேட்கிற டவுன் ஆட்கள் எல்லாரும், "ஒனக்குத்தான் சிங்களம் தெரியுமே, ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்த?" என்றுதான் கேட்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் ஒருத்தர்கூட இதுவரை அப்படிக் கேட்கவில்லை.

நான் மதினி என்று கூப்பிடுகிறவள் எனக்கு உறவு இல்லை; அவளும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த காம்பரா. நுவரெலியா மாவட்டத்தில், லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்திருக்கிறோம். அவள் நிரை பின்தங்கினால் நான் கை கொடுப்பேன். எனக்குக் காய்ச்சல் என்றால் அவள் என் பிள்ளைகளுக்கும் சேர்த்து ரொட்டி தட்டுவாள். சின்ன வயதில் நாலு வருஷம் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்திருக்கிறாள். அந்த வீட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். பதினேழு படி இருந்தது, தினமும் இரண்டு தரம் துடைக்க வேண்டும் என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். அங்கிருந்து அவள் கொண்டு வந்தது நல்ல சிங்களம். கடைத்தெருவில் பேரம் பேசுகிற என் சிங்களம் மாதிரி இல்லை அது. ஆபீசில், வங்கியில், அரசாங்கக் கச்சேரியில் எடுபடுகிற சிங்களம். மகன் கொழும்பில் கடையில் நின்று சம்பாதிக்கத் தொடங்கியதும் மூன்று வருஷத்துக்கு முன் தோட்டப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு மலை வேலையை விட்டாள், காம்பரா மட்டும் அதேதான். பெண்கள் சங்கத்துக்குக் காரியதரிசி ஆனாள். அதில் எனக்குப் பெருமைதான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அவளைக் காட்டித்தான் என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு முழங்கால் போய்விட்டது. மழைநாளில் சரிவில் இறங்கும்போது இரண்டு முட்டிக்குள்ளும் யாரோ மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கும். கங்காணி நல்லவர், பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார். ஆனால் எத்தனை நாளைக்கு? வீட்டில் பழைய தையல் மெஷின் ஒன்று இருக்கிறது. லயத்துப் பெண்களின் சட்டையெல்லாம் நான் தைப்பதுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பழைய சட்டையைப் பிரித்துப் பார்த்துத் தைக்கக் கற்றேன், இன்னொன்றைப் பிரித்துப் பார்த்துச் சட்டைக் கைக்குப் பூ போடக் கற்றேன்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. கைத்தொழில் பழக்குகிற ஓர் அமைப்பு, தெற்கே கடலோரத்தில் இருக்கிற காலி நகரத்துக்கு, பல ஊர்களிலிருந்து பெண்களைக் கூப்பிட்டிருந்தது. அங்கே கோட்டைக்குள் பீரலு என்கிற நூல் பின்னல் செய்கிறார்கள். இரண்டு நாள் போய்ப் பார்த்துச் செய்து பழக வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஆளை, அங்கே பழக்கிக் கொடுக்கிற பின்னல்காரம்மாவே தேர்ந்தெடுப்பார். அந்த ஆள் மூன்று மாதம் அங்கேயே தங்கிக் கற்றுக்கொண்டு, சாமான்களோடு திரும்பி வந்து தோட்டத்துப் பெண்களுக்குப் பழக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில், முன்பு வேலைக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட, இப்போது மூடிக்கிடக்கும் பிள்ளைக்காம்பராவை அதற்குத் தருவதாக ஆபீசில் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. கூரைக்குக் கீழே செய்கிற வேலை. எனக்கு வேறென்ன வேண்டும்?

சங்கத்தில் இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தார்கள். முதலில் மதினி, அடுத்தது நான். அன்றைக்கே அவள் எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"நான் பேசத்தான் போறேன். கத்துக்கப் போறது இவங்கதான். என் கையில ஊசி புடிச்சா ஊசி அழும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இருட்டோடு கிளம்பி ஹட்டன் போய், பஸ்ஸில் கொழும்புக்கு இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்தோம். கடலோரமாகவே போகிற ரயில். ஜன்னல் பக்கத்தை எனக்குக் கொடுத்தாள். எங்கள் இரண்டு பெயரும் எழுதிய சங்கத்துக் கடிதம் அவளுடைய கைப்பையில் இருந்தது. எங்கள் மலையில் காற்று அடித்தால் உடம்பு சிலிர்க்கும். அந்தக் கடல் காற்று உடம்பில் ஒட்டியது. "காத்தா இது? யாரோ மூஞ்சியில ரசத்த ஊத்துன மாதிரி" என்றேன். அவள் சிரித்துச் சிரித்துப் பக்கத்து சீட்டுக்காரரிடம் அதைச் சிங்களத்தில் பெயர்த்துச் சொன்னாள். அவரும் சிரித்தார். அந்த ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தோம். இப்போது நினைத்தாலும் அதைப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.

காலிக் கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் மதில், மூன்று பக்கமும் அலை. பழைய வாசலுக்கு மேலே கல்லில் ஒரு சேவல். ஒல்லாந்தர் வைத்துவிட்டுப் போனது என்றார்கள். "முருகனோட சேவல் இங்க என்ன செய்யுது?" என்று கேட்டேன். "வெள்ளக்காரனுக்கும் காலையில எந்திரிக்கணும்ல" என்றாள் மதினி. உள்ளே போனால் சின்னச் சின்னத் தெரு, தடித்த தூண் வைத்த வீடுகள், வீடெல்லாம் கடையாகிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடந்தார்கள். எங்களுக்கும் வெள்ளைக்காரன் கட்டியதுதான் லயம். இவர்களுக்கு மதிலையும் மணிக்கூண்டையும் கட்டிக் கொடுத்தவன் எங்களுக்குப் பத்தடிக் காம்பரா கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆள் வேறு, காலம் வேறு என்று யாரோ படித்தவர்கள் திருத்துவார்கள். சரி, வேறாகவே இருக்கட்டும்.

பின்னல்காரம்மாவின் வீடு மதிலை ஒட்டிய தெருவில். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி, இடுப்பில் சொருகிய கத்தரிக்கோல். சிங்களம்தான் பேசுவார். எங்களைச் சேர்த்து எட்டுப் பெண்கள். யார், எவர் என்று விசாரிக்காமலே உட்காரவைத்துவிட்டார். முதலில் எல்லாரையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னார். பிறகு ஆளுக்குக் கொஞ்சம் பவுடர் கொட்டிக் கையில் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். வெள்ளை நூல், வேர்வை பட்டால் போயிற்று. என் விரல் எவ்வளவு கழுவினாலும் கறுப்புத்தான். கொழுந்துப் பால் ஏறிய கறை நகக்கண்ணில் குடியிருக்கும். மதினியின் விரல் வெளுத்து மூன்று வருஷமாகிவிட்டது. நான் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தம்மா என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "காய்ந்த கறை, நூலில் ஒட்டாது" என்றார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது.

பீரலு என்பது விரல் நீளத்து மரக்குச்சி, நூல் சுற்றியது. வைக்கோல் அடைத்த உருண்டைத் தலகாணியில், ஓட்டை போட்ட காகிதத்தை ஒட்டி, ஓட்டைக்கு ஓட்டை குண்டூசி குத்தி, அந்த ஊசிகளைச் சுற்றிக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு கையில் இரண்டு, மறு கையில் இரண்டு. குறுக்கே போடு, முறுக்கு, ஊசி குத்து. மறுபடி குறுக்கே போடு. குச்சியும் குச்சியும் இடிக்கிற சத்தம் வீடு முழுக்க, மழை தொடங்கும்போது தகரத்தில் விழுகிற மாதிரி.

மற்றவர்கள் எல்லாம் கையைப் பார்த்தார்கள். கையைப் பார்த்தால் வராது. கொழுந்து எடுக்கிறவளுக்கு இது தெரியும்: இரண்டு கையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும், கண் அடுத்த வாதில் இருக்கும். நான் ஊசியை மட்டும் பார்த்தேன். அரைமணி நேரத்தில் என் கை அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டது. காகிதத்தின் மேல் வெள்ளையாக ஒரு வலை எழும்பி, அதற்குள் ஓர் இலை மாதிரி ஒன்று தெரிந்தது. இரண்டு விரற்கடை நீளம் வந்துவிட்டது. பக்கத்தில் மதினியின் தலகாணியில் நூல் காக்காய்க் கூடு. "மதினி, எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று கிசுகிசுத்தாள். நான் இடது கையால் அவளுடைய சிக்கை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு வரிசை முடிந்து நாலு குச்சியும் என் வலது கைக்குள் சேர்ந்தன. கை நிறைந்தால் என் கைக்கு ஒரே வழிதான் தெரியும். தோளுக்கு மேலே போய், பின்னால் வீசியது. கூடை இருந்தால் கூடைக்குள் விழுந்திருக்கும். நூல் கட்டியிருந்ததால் குச்சிகள் திரும்பி வந்து என் காதில் அடித்தன.

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். பின்னல்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை அது. பிறகு என் தலகாணியைக் குனிந்து பார்த்தார். விரலால் அந்த இலையைத் தொட்டார். மதினியிடம் திரும்பி, இந்த அக்கா என்ன வேலை செய்கிறார், இப்படி இரண்டு கையும் எங்கே பழகியது என்று கேட்டார்.

மதினி என்னைப் பார்த்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்:

"அபே கெதர வெடட்ட இன்ன கெனா."

எங்கள் வீட்டு வேலைக்கு இருக்கிறவள். அதோடு நிற்கவில்லை. கடிதத்தில் இருக்கிற இரண்டாவது ஆளுக்கு வர முடியவில்லை, வழித்துணைக்கு இவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன், சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் தலகாணிக்கு முன்னால் உட்கார விட்டேன் என்றாள். நல்ல சிங்களம். ஒரு சொல் தடுமாறவில்லை.

எனக்கு எல்லாம் புரிந்தது. எனக்குப் புரியும் என்று அவளுக்கும் தெரியும். லிந்துலைக் கடைத்தெருவில் மரக்கறிக்காரியோடு நான் சிங்களத்தில் சண்டை போடும்போது பக்கத்தில் நின்று பை பிடித்தவள் அவள்தானே. காது சூடாகி, வாய் திறந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. பேசவென்று கூட்டி வந்த ஆள் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் பின்னால் நிற்கிறவள். நாற்பது வருஷமாக உடம்பில் ஏறிய பழக்கம், கை எப்படித் தோளுக்குப் போனதோ அப்படியே வாய் மூடிக்கொண்டது. ஊமை கண்ட கனவு என்பார்கள். நான் கண்டது கனவும் இல்லை.

பின்னல்காரம்மா "ஆ" என்றார். ஒரு "ஆ"தான். அதற்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. கோபமும் இல்லை, இளக்காரமும் இல்லை; ஒரு பொருளைச் சரியான தட்டில் எடுத்து வைக்கிற மாதிரி என்னை எடுத்து வைத்துவிட்டார். தேத்தண்ணி வந்தது. ஏழு பேருக்கும் பூப்போட்ட கோப்பையில், சாசருக்கு மேலே. எனக்குப் பின்கட்டில், குசினி வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில், கைப்பிடி உடைந்த ஒரு மக்கில். நடுவில் கதவு திறந்தே இருந்தது. மதினி அந்த மக்கைப் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைப்பாள், எழுந்து வருவாள் என்று நான் எதிர்பார்த்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள்.

நான் திரும்பி உள்ளே போனபோது என் தலகாணியைப் பின்னல்காரம்மா மடியில் வைத்திருந்தார். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டார். பிறகு குச்சிகளை எதிர்ப்பக்கமாகச் சுழற்றி அந்த இலையைப் பிரித்தார். நூலை வீணாக்கக்கூடாதில்லையா. "நல்ல கை, பாவம்" என்று மதினியிடம் சொன்னார். மதினி ஆமாம் என்று தலையசைத்தாள்.

அன்றைக்கு மாலை தங்குமிடத்துக்கு நடந்து போனோம். கால் கழுவ வாளியில் தண்ணீர் பிடித்து என் பக்கம் தள்ளி வைத்தாள். நான் அவளுக்கு முன்னால் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில், தலை வலிக்கிறது, நான் இப்படி நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி மதில் மேலே ஏறினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே கடல் கல்லில் மோதி மோதி விழுந்தது. மதில் மேலே, எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் கூட்டம் மாதிரி ஜனம். வெயில் ஏற ஏற நிற்க முடியாமல் இறங்கித் தெருவுக்குள் வந்தேன். ஒரு கடை ஜன்னலில் அதே பின்னல் தொங்கியது: மேசை விரிப்பு, கழுத்துப் பட்டி, குழந்தைத் தொப்பி. என் இலை இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, ஒரு கைக்குட்டையின் நாலு மூலையிலும்.

"உள்ளுக்கு வாங்க தாத்தா, பாத்தாக் காசில்ல."

தமிழ். தொப்பி போட்ட முஸ்லிம் கடைக்காரர். நான் தாத்தாவா என்று திகைத்தேன்; அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்காவாம். அவரே சொல்லிச் சிரித்தார். பிளாஸ்டிக் ஸ்டூலைத் தட்டிப் போட்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கோட்டைக்குள் என்னிடமே என்னைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். லிந்துலை, தோட்டம், கொழுந்து எடுக்கிறேன் என்றேன். சொல்லிக்கொண்டே ஜன்னலில் இருந்த அந்தக் கைக்குட்டையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அதை எடுத்து மேசையில் விரித்தார், தண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் நீட்டினார். யாரென்றே தெரியாத ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்தப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு.

கேட்டு முடித்தவர் கைக்குட்டையை மடித்துத் திரும்ப ஜன்னலில் வைத்தார். "அவங்க சொன்னது ஒரு பொய்," என்றார். "நீங்க பேசாம நிண்டீங்களே, அது ரெண்டாவது பொய். அதையாவது நீங்க திருத்தலாம்."

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். தெரு முனை வரைக்கும் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்து, முனையில் திரும்பாமல் நேராகப் பின்னல்காரம்மாவின் வீட்டுக்கு நடந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மற்றப் பெண்கள் வெளியே போயிருந்தார்கள். அந்தம்மாவும் மதினியும் மட்டும் மேசையில் இருந்தார்கள். கடிதம் விரித்துக் கிடந்தது. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில் சொன்னேன். நான் இவர்கள் வீட்டு வேலைக்காரி இல்லை. அந்தக் கடிதத்தில் இரண்டாவதாக இருப்பது என் பெயர். நான் கொழுந்து எடுக்கிறவள். இந்த வேலையைக் கற்கத்தான் வந்தேன். வினைச்சொல்லெல்லாம் முன்பின்னாக விழுந்திருக்கும். நடுவில் நிறுத்தவில்லை.

பின்னல்காரம்மா கடிதத்தைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். மதினி தமிழில் மெதுவாக, "மதினி, இங்க வச்சு வேணாம்" என்றாள்.

அந்தம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். நேற்று இவர் சொல்லும்போது நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள், இவ்வளவு பேசத் தெரிந்தவர் ஏன் அப்போதே சொல்லவில்லை?

தலைவர், துரை, ஆபீஸ் வாசல், கூரை ஒழுகல் இதையெல்லாம் காலிக் கோட்டைக்குள் எப்படிச் சொல்வது? எந்த மொழியில் சொல்வது? நான் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், அதை மறுக்க முடியாது. பிறகு பெருமூச்சு விட்டு, காலையிலேயே தொலைபேசியில் பெயர் கொடுத்தாகிவிட்டது, நுவரெலியாவிலிருந்து வந்த காரியதரிசியின் பெயரை, என்றார். இனி மாற்றினால் யார் சொல்வது மெய் என்று தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே கடிதம். முதல் நாள் ஒரு கதை, மறுநாள் ஒரு கதை. அவர் எதைப் பிடிப்பார்?

வெளியே வரும்போது பின்கட்டுக்குப் போய், அந்த உடைந்த மக் எங்கே என்று பார்த்தேன். கவிழ்த்து வைத்திருந்தது, தனியாக.

திரும்பும் ரயிலில் அவள் மறுபடியும் ஜன்னல் பக்கத்தை எனக்குக் காட்டினாள். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். களுத்துறை தாண்டியது. பிறகு அவளே தொடங்கினாள்.

"கூடையில போடுற மாதிரி கைய வீசுனீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. தோட்டத்துக்காரின்னு என்னையும் சேத்துத்தானே பாப்பாங்கன்னு ஒரு நிமிசம் என்னமோ ஆயிருச்சு."

"அதுக்கு என்னைய வேலைக்காரி ஆக்கணுமா?"

"வாயில அதான் வந்துச்சு." கைப்பையின் வாரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினாள். "நாலு வருசம் வர்றவங்க போறவங்கக்கிட்ட எல்லாம் என்னைய அப்படித்தான் சொல்லிக் காட்டுனாங்க. அந்த வார்த்த எனக்கு மனப்பாடம் மதினி."

அந்தப் பதினேழு படியும் எனக்குக் கண்ணில் தெரிந்தது. பாவம் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு கணக்குத் தவறாமல் கேட்டது: வாய் தவறியது ஒரு நிமிஷம், சரி. வர முடியாத இரண்டாவது ஆளைக் கண்டுபிடித்தது எந்த நிமிஷம்? மறுநாள் காலையில் பெயர் கொடுத்தபோது உட்கார்ந்திருந்தது யார்?

"எனக்குச் சிங்களம் புரியும்ங்கிறத மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"மறக்கல," என்றாள்.

அவ்வளவுதான். நான் வாய் திறக்க மாட்டேன் என்பதை நம்பித்தான் என் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். வேறு எந்த ஊர்க்காரியிடமும் இதைச் செய்திருக்க முடியாது. இருபது வருஷம் பக்கத்து நிரையில் நின்று என்னைப் படித்தவளால்தான் முடியும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று எங்கள் அம்மா சொல்லும். அம்மா வாயை முதலில் சொன்னதன் பொருத்தம் அந்த ரயிலில்தான் எனக்கு உறைத்தது.

கொழும்பில் இறங்கும்போது என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். "மூணு மாசந்தானே," என்றாள். "நான் கத்துக்கிட்டு வந்து மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லிக் குடுப்பேன்."

வேலைக்காரி என்று சொன்னதைக்கூட ஒரு நாள் மறந்துவிடலாம். இதை மறக்க முடியும் என்று தோன்றவில்லை.

ஊரில் நான் யாரிடமும் உடனே சொல்லவில்லை. சொன்னால், "நீயும் பக்கத்துல தானே நின்ன?" என்று கேட்பார்கள் என்ற பயம். அவள் போனாள், மூன்று மாதம் இருந்தாள், தலகாணிகளும் ஒரு சாக்கு நிறையக் குச்சிகளுமாக வந்தாள். பிள்ளைக்காம்பராவுக்கு வெள்ளையடித்தார்கள். பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். என்னையும் கூப்பிட ஆள் அனுப்பினாள், ஒரு தரம் இல்லை, மூன்று தரம். முட்டி வலி, வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்று ஒவ்வொரு தரமும் ஒன்று சொன்னேன். குழாயடியில் கண்டால் பேசுகிறோம். அரிசி விலை, மழை, யார் வீட்டுப் பிள்ளை பாஸாகியது, யார் வீட்டுப் பிள்ளை ஓடிப்போயிற்று. குடம் நிறைந்ததும் போய்விடுவோம். நான் இன்னமும் மலைக்குத்தான் போகிறேன். சரிவில் இறங்கும்போது குடைக்கம்பை ஊன்றிக்கொள்கிறேன்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அடுத்த காம்பராவில் மிளகாய் வறுத்தால் இந்தக் காம்பராவில் தும்முவோம். அவள் வீட்டில் உட்கார்ந்து பின்னுகிற சத்தம் அப்படியே வருகிறது. குறுக்கே போடுகிறாள், ஊசி குத்துகிறாள். முறுக்குவதற்கு விழ வேண்டிய இடத்தில் அந்தக் குச்சிச் சத்தம் விழுவதில்லை. ஊசிக்கு முன்னால் ஒரு முறுக்கு வேண்டும், அதை விடுகிறாள். அப்படிப் பின்னினால் தலகாணியில் இருக்கும் வரைக்கும் அழகாக இருக்கும். ஊசியை எடுத்ததும் இலை தொளதொளவென்று ஓட்டையாகிப் போகும். பதினோரு பேருக்கும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நான் அரைநாள்தான் செய்தேன். ஆனாலும் கேட்டாலே தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மெஷினில் இருந்தேன். பக்கத்து லயத்தில் பெரியவளான பெண்ணுக்குச் சாமத்தியச் சட்டை, மறுநாள் வேண்டும். அந்தப் பக்கம் சத்தம் ஓடி, நின்று, ஓடி, நின்றது. பிறகு சுவருக்கு மேலே குரல்.

"மதினி, ஊசிய எடுத்தா இந்த எடம் அவுந்துக்கிட்டு வருது. ஒரு நடை வந்து பாக்குறீங்களா?"

எழுந்து போகக்கூட வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

நான் மெஷினை மிதித்தேன். கைப்பட்டியை முழுக்கத் தைத்து முடிக்கும் வரைக்கும் மிதித்தேன். நிறுத்தியபோது அந்தப் பக்கமும் சத்தமில்லை. அவள் எழுந்து போகவில்லை. கதவு கிறீச்சிடும், எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"மதினி?" என்றாள் மறுபடியும்.

நான் நூலை அறுத்துவிட்டுச் சட்டையின் அடுத்த கையை எடுத்தேன்.